நர்சம்மாவுக்கு வாங்கிய தேன்

கடைசியாக நானும் அப்பாவும் சேர்ந்து செய்த வேலை, வீட்டு மின்விசிறிக்குக் கெப்பாசிட்டர் மாற்றியது. தை மாதக் கடைசி ஞாயிறு. விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று அம்மா போனில் சொல்லியிருந்தார். கள்ளக்குறிச்சியில் இறங்கி, இரண்டரை மைக்ரோஃபாரட் ஒன்று வாங்கிக்கொண்டு மூங்கில்துறைப்பட்டுக்குப் பஸ் ஏறினேன். நான் ஸ்டூலில் ஏறி நின்றேன். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். பழைய கெப்பாசிட்டரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தபோது கேட்டார்.

"அந்த நர்சம்மா இன்னும் அங்கதான் இருக்காங்களா பாப்பா?"

"எந்த நர்சம்மா?" என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"உங்க காலேஜி ஆசுபத்திரி நர்சம்மா. தேன் வாங்கியாந்து வச்சிருக்கறன். நீ அந்தப் பக்கம் போனா சொல்லு, நானும் வரன். அவங்ககிட்ட பொய் சொல்லிட்டு வந்தது ஒரு மாதிரி இருக்குது."

"ஸ்டூல நல்லா புடிப்பா," என்றேன்.

விசிறி சரியாகச் சுற்றியது. பதினோரு நாள் கழித்து, கரும்பு வெட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். என் கம்பெனிக் காப்பீட்டில் அவர் பெயர் உண்டு. அந்த அட்டையை வெளியே எடுக்கக்கூட நேரம் இருக்கவில்லை.

பொய்யை முதலில் சொன்னது அப்பா இல்லை. நான்.

அப்பாவின் பெயர் சின்னக்கண்ணு. வயது ஐம்பத்தேழு. சொந்த நிலம் கிடையாது. சர்க்கரை ஆலையில் அரைவை தொடங்கினால் கரும்பு வெட்டுக் கூட்டத்தோடு போவார். அரைவை முடிந்ததும் கல்வராயன் மலைக்கு ஏறி, கரியாலூர் பக்கம் மரவள்ளி பிடுங்குவார். கைகளில் கரும்பின் காய்ந்த இலையான சோகை கீறிய கோடுகள் எப்போதும் இருக்கும். பழைய கோடு ஆறுவதற்குள் புதியது விழும். பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கே கையெழுத்துக் கேட்டாலும் இடது கட்டைவிரலை நீட்டுவார். அதில் அவருக்குக் கூச்சம் இருந்ததாக நினைவில்லை. கூச்சம் எனக்குத்தான்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாளில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மாணவர் குழுக் காப்பீடு. பிரீமியம் கட்டணத்தோடு சேர்ந்துவிடும். பெற்றோரில் ஒருவர் விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு முன்னால் நின்ற பெண்களின் அப்பாக்கள் சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்தார்கள். தொழில் என்ற கட்டத்தில் 'விவசாயம், ஐந்து ஏக்கர்' என்று நிரப்பினேன். கையெழுத்து இடத்தில் 'வி. சின்னக்கண்ணு' என்று ஆங்கிலத்தில் சாய்வாக எழுதினேன். கடைசி எழுத்தில் பேனா திக்கியது. மேலே ஒரு சின்னக் கோடு இழுத்துக்கொண்டது.

அப்பா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கை வைக்க வேணாமா பாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். இங்கெல்லாம் கைநாட்டு எடுக்க மாட்டார்கள் என்றேன். மேசை ஓரத்தில் மைப்பெட்டி திறந்தே இருந்தது. அவரும் அதைப் பார்த்தார்.

அந்தப் படிவத்தின் ஜெராக்ஸ் ஒன்றை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். வளாகத்துக்குள் மருத்துவ மையம் இருக்கிறது, அடையாள அட்டையைக் காட்டி டோக்கன் வாங்கினால் மருந்து இலவசம், வெளி ஆஸ்பத்திரி என்றால் அங்கே ரெஃபரல் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும், செலவைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும் என்று விளக்கியிருந்தேன். அவருக்குப் புரிந்தது ஒன்றுதான். இந்தத் தாள் இல்லாவிட்டால் மகளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பிளாஸ்டிக் கவரில் மடித்துப்போட்டுக் கரும்புக் காட்டுக்குக்கூட எடுத்துப் போனார். வெட்டுக் கூட்டத்தில் அவருக்கு 'இன்சூரன்சு' என்றே பெயர் விழுந்தது.

இரண்டாம் ஆண்டு கார்த்திகையில் எனக்கு டெங்கு வந்தது. மருத்துவ மையத்தில் ஆறு கட்டில்கள். மூன்றாவதில் படுத்திருந்தேன். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. வெளியே மாற்ற வேண்டும் என்று டாக்டர் சீட்டு எழுதினார். பணம் கட்டாமல் சேர, விண்ணப்பதாரரின் கையெழுத்து ஒரு படிவத்தில் வேண்டும். அது முதல் படிவத்தில் இருப்பது போலவே இருக்க வேண்டும். விடுதியிலிருந்து ஊருக்குப் போன் போயிருந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அப்பா வாசலில் நின்றார். வேலைக் காட்டிலிருந்து அப்படியே பஸ் ஏறியிருக்கிறார். லுங்கி, முழங்கை வரை சோகைக் கீறல், வலது செருப்பில் வார் அறுந்து கம்பி கட்டியிருந்தது. என் கட்டிலோரம் அறைத்தோழி சுபஸ்ரீ உட்கார்ந்திருந்தாள். அவளிடம் எங்கள் ஐந்து ஏக்கரைப் பற்றி ஒன்றரை வருடமாகச் சொல்லி வந்திருந்தேன்.

நர்ஸ் விஜயலட்சுமி அவரை நிறுத்தி, யார் என்று கேட்டார். அப்பா வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்.

"எங்க நிலத்துல வேலை செய்யறவரு சிஸ்டர். அப்பா அனுப்பியிருக்காங்க."

அப்பா என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றார். "அய்யாதான் அனுப்புனாரு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தண்ணி எதுனா குடிக்கிறீங்களா?" என்றார்.

பத்தொன்பது வருடத்தில் அவர் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

நர்சுக்கு அவசரம். கையெழுத்து ஐந்து மணிக்குள் வேண்டும், இவளுடைய அப்பா எங்கே என்றார். அய்யா பின்னால் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார், வாங்கி வருகிறேன் என்று அப்பா படிவத்தைக் கேட்டார். எங்கே போட வேண்டும் என்று விரலால் தொட்டுக் கேட்டு, நர்ஸ் பென்சிலால் வைத்த புள்ளியைப் பார்த்துக்கொண்டு போனார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். கைநாட்டு வைத்துக் கொண்டுவந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்பதுதான் அப்போது என் பயம். சாவேன் என்பது இரண்டாவது பயம்.

நாலரைக்கு வந்தார். படிவத்தில் சாய்வான ஆங்கிலத்தில் கையெழுத்து இருந்தது. யாரையோ பிடித்துப் போடவைத்திருக்கிறார் என்று நினைத்தேன். நர்ஸ் முதல் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையசைத்தார். அய்யா பஸ் ஸ்டாண்டிலேயே போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார் என்று அப்பா சொன்னதும் அவருக்குக் கோபம் வந்தது.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டு, புள்ளையப் பாக்காம கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பறாரா? இன்னா மனுஷன்யா உங்க அய்யா?"

"அவரு அப்பிடித்தாங்க," என்றார் அப்பா. "கொஞ்சம் மொரடு."

"பெத்தவனுக்கு இல்லாத அக்கற உனக்காவது இருக்குதே. நீ கூட இருய்யா. எங்கியும் போவாத."

வெளி ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தேன். துணைக்கு இருந்தவர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயருக்குப் பதில் 'வேலையாள்' என்று எழுதியிருந்தது. காப்பீடு முழுச் செலவையும் ஏற்றது. விஜயலட்சுமி இரண்டு முறை வந்து பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஆயுர்வேத டாக்டர் அவருடைய இருமலுக்கு மலைத்தேன் நல்லது என்று சொன்னாராம். அப்பா உடனே, கரியாலூர்த் தேன் கொண்டுவந்து தருவதாக வாக்குக் கொடுத்தார்.

நான் சொன்ன பொய்யைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. ஊருக்குப் போனபின் அப்பா எல்லா இடத்திலும் கையெழுத்துப் போடத் தொடங்கினார். வங்கியில், கூலிப் பதிவில். வெட்டுக் கூட்டத்தார் தொரை வந்துட்டார் என்று கேலி செய்தார்கள். யாரிடமோ கற்றுக்கொண்டார் என்று நினைத்து நான் விட்டுவிட்டேன். பட்டமளிப்பு விழாவுக்குக் கூப்பிட்டேன். வெட்டு உத்தரவு வந்துவிட்டது என்றார். அது ஆடி மாதம். அரைவையே கிடையாது. நர்சம்மா பார்த்துவிட்டால் பாப்பாவுக்குச் சங்கடம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா இதைக் கருமாதிக்கு மறுநாள்தான் எனக்குச் சொன்னார்.

அன்றைக்கே பிளாஸ்டிக் கவரைப் பிரித்தேன். ஜெராக்ஸ் மடிப்பில் கிழிந்திருந்தது. கூடவே அரைக் குயர் நோட்டு ஒன்று. பல்கலைக்கழகத்துக்கு எதிர்க்கடையின் முத்திரை அட்டையில் இருந்தது. நர்சிடம் படிவத்தை வாங்கிக்கொண்டு போன அன்று வாங்கியிருக்கிறார். பதினேழு பக்கம், ஒரே பெயர். முதல் பக்கத்தில் எழுத்துகள் தனித்தனியாக, சில தலைகீழாக. ஐந்தாம் பக்கத்தில் ஒட்டத் தொடங்குகின்றன. பதினேழாம் பக்கத்தில், அவர் பெயரில் நான் போட்ட அதே கையெழுத்து.

நான் மின்சுற்றுப் பலகைகளில் பிழை தேடும் வேலையில் இருக்கிறேன். அசலில் ஒரு கீறல் இருந்தால் நகல் எல்லாவற்றிலும் அது வரும். வங்கிப் புத்தகத்தை எடுத்தேன், வாக்காளர் படிவத்தை எடுத்தேன். கடைசி எழுத்துக்கு மேலே, என் பேனா திக்கி இழுத்த அந்தச் சின்னக் கோடு எல்லாவற்றிலும் இருக்கிறது. அதுவும் பெயரில் சேர்ந்தது என்று நினைத்திருக்கிறார்.

ஒவ்வொரு வருடமும் மலையிலிருந்து இறங்கும்போது நர்சம்மாவுக்கு ஒரு பாட்டில் தேன் வாங்கி வந்தார். ஒவ்வொரு வருடமும் நான், இந்த முறை நேரமில்லை என்றேன். அடுத்த வருடம் பழைய பாட்டிலை அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டுப் புதியதை வைப்பார். கடைசியாக வாங்கிய பாட்டில் விசிறிக்கு எதிரே சுவர் அலமாரியில் இருக்கிறது. அடியில் உறைந்திருக்கிறது. மாறிப்போய்விடக் கூடாது என்று பெயர் எழுதிய தாள் ஒன்றைக் கழுத்தில் நூலால் கட்டியிருக்கிறார். விஜயலட்சுமி என்று எழுத அவருக்குத் தெரியாது. எழுதத் தெரிந்த ஒரே பெயரை எழுதி வைத்திருக்கிறார், மேலே அந்தக் கோட்டோடு.