தீர்த்தகிரியின் மூன்றாம் நாள் வழி

தீர்த்தகிரி 1979 ஜூலை ஒன்பதாம் தேதி காலை ஆறே காலுக்கு இறந்தார். வயது ஐம்பத்து நான்கு. மாரடைப்பு. வாசலில் கிடக்கும் அவருடைய டயர் செருப்பை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

காவேரிப்பட்டினத்தில் அவரைத் தெரியாத வீடு கிடையாது. அவர் பெயர் தெரிந்த வீடு பத்து இருந்தால் அதிகம். ஊருக்கு அவர் காய்ச்சல்காரர். பன்னிரண்டு வருடம், பதினைந்து நாளைக்கு ஒரு முறை, ஒவ்வொரு கதவிலும் நின்று அவர் ஒரே கேள்வியைக் கேட்டார்.

“வூட்ல யாருக்காச்சும் காய்ச்சலுங்களா?”

இல்லை என்றால் கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டையில் தேதி போட்டுச் சுருக்கொப்பம் வைப்பார். உண்டு என்றால் விரல் நுனியில் ஊசியால் ஒரு குத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம், கையில் நாலு மாத்திரை. மலேரியா ஒழிப்புத் திட்டத்தில் அவர் வேலை அவ்வளவுதான். கண்ணாடித் துண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அவர் அடுத்த கதவுக்குப் போவார்.

ஊர் தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. பழைய ஊர். கோட்டை இருந்த இடம் மேடாக நிற்கிறது, கோட்டை இல்லை. மேட்டிலிருந்து தெருக்கள் பேட்டை வழியாகச் சரிந்து ஆற்றுக்கு இறங்குகின்றன. நேர்கோட்டில் ஒரு தெருவும் போகவில்லை. ஊரை அலுவலகம் ஆறு வழிகளாகப் பிரித்திருந்தது, நாளைக்கு ஒரு வழி. ஆறையும் சேர்த்தால் முப்பத்தெட்டு கிலோமீட்டர். சுற்றுப்பட்டுக் கிராமங்கள் தனி. வருடத்துக்கு இரண்டு ஜோடி செருப்பு தேயும். வலது கால் முதலில் தேயும், பை அந்தத் தோளில் தொங்குவதால்.

1967 பிப்ரவரியில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது வயது நாற்பத்திரண்டு. அதற்கு முன் வெல்ல மண்டியில் எடை போட்டார், மண்டி மூடியது. பிறகு சாலைக்குத் தார் ஊற்றும் கூட்டத்தில் இருந்தார், சாலை முடிந்தது. இந்த வேலையும் தற்காலிகம்தான். ஒரு வருடம் கழித்து இன்ஸ்பெக்டர் எழுதும் அறிக்கையைப் பொறுத்து நிரந்தரம் ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஆகாவிட்டால் அந்த வயதில் இன்னொரு அரசு வேலைக்கு வழியில்லை. இது அவருக்குத் தெரியும். மனைவி ரோசம்மாளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

சிக்கல் மூன்றாம் நாள் வழியில் வந்தது.

அலுவலகத்தில் அச்சடித்துக் கொடுத்த அட்டவணைப்படி அது பாலத்தருகே தொடங்க வேண்டும். எட்டரைக்கு ஆற்றோரத் தெரு, பத்தரைக்குப் பேட்டை, பன்னிரண்டுக்குக் கோட்டை மேடு. வரைபடத்தில் பாலம் அடியில் இருந்தது, ஆகவே அடியிலிருந்து தொடங்கி மேலே போட்டுவிட்டார்கள். தீர்த்தகிரி மூன்று மாதம் அப்படியே நடந்தார். ஆற்றோரத் தெருவில் ஐம்பத்தெட்டு வீடு. எட்டரை மணிக்கு நாற்பதுக்கு மேல் பூட்டிக் கிடக்கும். அந்தத் தெரு ஜனங்கள் விடிந்ததும் ஆற்றுமணலில் வெள்ளரிக்கும் தர்பூசணிக்கும் ஊற்று நீர் இறைக்கப் போய்விடுவார்கள். துணி வெளுப்பவர்கள் அதற்கும் முன்பே போய்விடுவார்கள். எல்லோரும் வீடு திரும்புவது மத்தியானச் சோற்றுக்கு.

நாலாவது மாதம் அவர் வழியைத் திருப்பினார். எட்டு மணிக்குக் கோட்டை மேடு, பத்துக்குப் பேட்டை, பன்னிரண்டே முக்காலுக்கு ஆற்றோரம். நடப்பதும் இறக்கமாக அமைந்தது. பேட்டைச் சந்துகளில் அந்நேரம் கிழக்குப் பக்கச் சுவர் நிழல் கொடுத்தது.

ஆனால் நாட்குறிப்பில் மட்டும் பழைய நேரத்தையே எழுதினார். கேட்டால் வேண்டாம் என்பார்கள், தற்காலிக ஆள் எதற்குக் கேட்க வேண்டும் என்று நினைத்தார். எட்டு மாதம் அப்படியே ஓடியது.

1968 ஜனவரியில் முனிராஜ் என்ற புதிய இன்ஸ்பெக்டர் வந்தார். சொல்லாமல் சோதனைக்குப் போகிறவர். ஒரு மூன்றாம் நாள் காலை எட்டரைக்கு ஆற்றோரத் தெருவில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஒன்பதரை ஆயிற்று. கூடையை எடுக்க வீட்டுக்கு வந்துவிட்டு மறுபடி மணலுக்குப் போய்க்கொண்டிருந்த அந்தத் தெருப் பாஞ்சாலி நின்று பார்த்தாள்.

“யாருங்க வேணும்?”

“மலேரியாக்காரர்.”

“காய்ச்சல்காரரா? அவரு சோத்து நேரத்துக்குத்தாங்க வருவாரு. இப்ப வந்து யாரைப் பாப்பாரு, எங்க வூட்டுப் பூட்டையா?”

“எட்டரைக்கு வரணுமே அவர்.”

“எந்த மவராசன் சொன்னது? நல்ல மனுசனுங்க, ஒரு தடவகூடத் தப்புனது இல்ல. உங்களுக்குக் காய்ச்சலுங்களா? மூஞ்சி வாடிக் கெடக்குது. இருங்க, அவரு வந்ததும் குத்தச் சொல்றேன்.”

அவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லிவிட்டோம் என்ற திருப்தியோடு அவள் ஆற்றில் இறங்கினாள். முனிராஜ் அலுவலகம் போய் நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தார். போன மூன்றாம் நாளில், ஆற்றோரத் தெரு, காலை எட்டரை என்று அழகான கையெழுத்தில் இருந்தது. அன்று சாயங்காலமே விளக்கம் கேட்டுத் தாள் வந்தது.

தீர்த்தகிரி அதை இரண்டு முறை படித்தார்.

“என்னா எழுதியிருக்காங்க?” என்று ரோசம்மாள் கேட்டாள்.

“நான் பொய் எழுதறேனாம்.”

“எழுதுனீங்களா?”

“எழுதுனேன்.”

“அப்ப சரியாத்தான எழுதியிருக்காங்க? கைய கழுவிட்டு வாங்க, களி ஆறுது.”

விளக்கத்தில் அவர் நாலு வரிதான் எழுதினார். வழியைத் திருப்பியது உண்மை. நேரத்தை மாற்றி எழுதியதும் உண்மை. காலையில் அந்தத் தெரு பூட்டிக் கிடக்கும். வந்து பார்க்கலாம்.

முனிராஜ் வந்தார். அடுத்த சுற்றில் இரண்டு நாள் ஒதுக்கினார். முதல் நாள் அட்டவணைப்படி பாலத்திலிருந்து நடந்தார்கள். ஐம்பத்தெட்டு வீட்டில் நாற்பத்து மூன்று பூட்டு. முனிராஜ் குறித்துக்கொண்டார்.

“நாளைக்கு உங்க வழி” என்றார் முனிராஜ்.

மறுநாள் எட்டுக்குக் கோட்டை மேட்டில் தொடங்கினார்கள். முனிராஜுக்குப் புது பூட்ஸ். பத்தரைக்குள் குதிகால் கடிக்க ஆரம்பித்தது. பேட்டையில் முஸ்லிம் வியாபாரிகளின் சந்து வந்ததும் தீர்த்தகிரி முனையில் நின்று இரண்டு முறை உரக்க இருமினார்.

“சளியா?” என்று கேட்டுக்கொண்டே முனிராஜ் முன்னால் நடந்தார்.

“சார், நில்லுங்க...”

உள்ளேயிருந்து ஒரு கிழவியின் குரல் வெடித்தது. “யார்றா அது? இருமாம கொள்ளாம சந்துல வர்றது? பொம்பளைங்க இருக்கறது தெரியல?”

முனிராஜ் பின்வாங்கினார். பிறகு அவரும் இருமினார். திரைகள் இழுபடும் சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. அந்தச் சந்தில் தீர்த்தகிரி எந்த முகத்தையும் பார்த்ததில்லை, குரலும் விரலும்தான் பழக்கம். மூன்றாவது வாசலில் திரைக்குப் பின்னாலிருந்து ஹாஜிரா என்ற பெண் பேசினாள்.

“ரெண்டு செருப்புச் சத்தம் கேக்குது. கூட யாருண்ணே?”

“பெரிய சாரும்மா.”

“பெரிய சாரு நொண்டுறாரா? ஒரு காலு மெதுவா விழுது.”

“புது பூட்ஸ்மா.”

“எண்ணெ தரட்டா? வூட்ல காய்ச்சல் யாருக்கும் இல்ல. போன தடவ குத்துனீங்களே சின்னவளுக்கு, அவ இப்ப சோறு போடு சோறு போடுன்னு உசுர வாங்கறா.”

திரைக்கு அடியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் வந்தது. இன்ஸ்பெக்டர் குதிகாலில் தடவிக்கொண்டார்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு ஆற்றோரத் தெரு. எல்லாக் கூரையிலும் புகை. ஐம்பத்தெட்டில் ஐம்பத்தைந்து வீடு திறந்திருந்தது. முனிராஜ் தானே எண்ணினார், இரண்டு முறை.

பாஞ்சாலி வீட்டில் அவள் புருஷன் மாது கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல் கிடுகிடுக்கப் படுத்திருந்தான்.

“காலையில நல்லாத்தாங்க இருந்தாரு. முப்பது கொடம் எறச்சாரு. உச்சிப் பொழுதுக்குக் குளுருன்னு வந்து வுழுந்துட்டாரு. முந்தாநேத்தும் இப்பிடித்தான், இதே நேரம்.” அப்போதுதான் பாஞ்சாலி முனிராஜை அடையாளம் கண்டாள். “ஐயோ, அன்னிக்கு நான் பேசுனது உங்ககிட்டயா? நல்லதுக்குத்தாங்க சொன்னேன்!”

“நல்லதுதாம்மா சொன்னீங்க” என்றார் முனிராஜ். ஊசியை வாங்கி மாதுவின் விரலில் அவரே குத்தினார். நேற்று காலை இதே கதவில் பூட்டு தொங்கியதை அவர் மறக்கவில்லை.

வேலை முடிந்து ஆற்றுப் படியில் உட்கார்ந்து இருவரும் காலை நனைத்தார்கள்.

“வழி சரி. டைரி பொய். ரெண்டையும் எழுதுவேன்” என்றார் முனிராஜ்.

“ரெண்டும் நெசந்தாங்க சார்.”

“வேலை என்ன ஆகும்னு நான் சொல்ல முடியாது.”

“சரிங்க சார்.”

பத்தாம் நாள் ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது. மாதுவுக்கு மலேரியாதான். அந்த வருடம் அந்த வழியில் பிடிபட்ட முதல் மலேரியா. ஐந்து நாள் மருந்தைத் தீர்த்தகிரி தினமும் மத்தியானம் போய்க் கண்ணெதிரில் விழுங்க வைத்தார். ஆறாம் நாள் மாது மணலில் இறங்கினான்.

தீர்த்தகிரியின் சொந்தக் காரியத்துக்கு ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் ஒரு வழியையும் அவர் தவறவிடவில்லை. ரோசம்மாள்தான் தபால்காரர் தெரு திரும்பும்போதெல்லாம் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

ஒரே உறையில் இரண்டு தாள் வந்தன. முதல் தாள், நாட்குறிப்பில் தவறான நேரம் எழுதியதற்குக் கண்டனம். இரண்டாம் தாள், பணி நிரந்தரம். இரண்டிலும் ஒரே அதிகாரியின் கையெழுத்து, ஒரே தேதி. ரோசம்மாள் இரண்டாவதை மட்டும் பெட்டியில் வைத்தாள். அவர் முதல் தாளையும் எடுத்து அதன்மேல் வைத்தார்.

கூடவே முனிராஜிடமிருந்து ஒரு குறிப்பு. ஆறு வழிகளுக்கும் உண்மையான நேரத்தை நீங்களே போட்டு அனுப்பவும். தீர்த்தகிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து போட்டார். அலுவலகச் சுவரில் பழைய வரைபடத்தை இறக்கிவிட்டு, கோட்டை மேட்டிலிருந்து ஆற்றுக்கு அம்புக்குறி போட்ட புதியதை மாட்டினார்கள்.

அதற்குப் பிறகு நாட்குறிப்பில் அவர் எதையும் விடவில்லை. “பத்து நாற்பதுக்கு மழை. பேட்டையில் நிப்பட்டுக் கடையில் ஒதுங்கினேன். இருபது நிமிடம். இரண்டு நிப்பட்டு தின்றேன்.” அதன் ஓரத்தில் முனிராஜ் சிவப்பு மையில் எழுதினார்: “இதெல்லாம் வேண்டியதில்லை.”

அடுத்த சுற்றில் தீர்த்தகிரி எழுதினார்: “ஒன்று ஐம்பது. ஆற்றங்கரைப் புங்கமரத்தடியில் உட்கார்ந்தேன். நல்ல காற்று. தூங்கிவிட்டேன். பத்து நிமிடம்.”

முனிராஜ் அதன் கீழே கையெழுத்து மட்டும் போட்டார்.