தென்னைக்குப் போட்ட கஞ்சி

ஆயுதப்படையில் இருந்த காலத்தில் மாரிச்செல்வியின் காக்கிச் சட்டையைக் கழற்றி வைத்தால் தானாக நிற்கும் என்பார்கள். கஞ்சி போடுவதில் அப்படி ஒரு கை. விருப்ப ஓய்வு வாங்கி மகாராஜபுரத்துத் தென்னந்தோப்புக்கு வந்த பிறகும் அந்த விறைப்பு அவரை விட்டுப் போகவில்லை.

மாசியில் தோப்பில் வெள்ளை ஈ இறங்கியது. அது கழித்த பிசுபிசுப்பின் மேல் கரும்பூஞ்சை படர்ந்து, ஓலையெல்லாம் கரி பூசியது போலானது. குரும்பை பிஞ்சிலேயே கொட்டியது. கணவர் தவசிமுத்துவுக்கு மனசு விட்டுப்போய்விட்டது. மரம் வெட்டும் வல்லரசிடம் பேசிவிட்டு வந்தார்.

"ஆவணியில வாரேன்னு சொல்லிட்டான். மரமெல்லாம் செங்கச் சூளைக்கு விறகாப் போகட்டும். இனி தேறாது."

"பூஞ்சை ஓலையத் திங்கலங்க, வெளிச்சத்தத்தான் மறைக்கி," என்றார் மாரிச்செல்வி. "வெயில் பட்டாத்தான ஓலை தண்ணியையும் காத்தையும் வச்சுச் சோறாக்கும்? மரம் பட்டினி கிடக்கு, அம்புட்டுதான். வேளாண் ஆபீசுல மைதாக் கஞ்சி அடிக்கச் சொல்லுதாவ."

கஞ்சி என்றதும் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. சட்டைக்குப் போடும் பதத்தில் கெட்டியாகக் காய்ச்சி, மோட்டார் ஸ்பிரேயரால் தோப்பு முழுக்க அடித்துவிட்டார். மறுநாள் பார்த்தால் கறுப்புக்கு மேல் வெள்ளையாக இன்னொரு பூச்சு. ஓலைக்குக் கிடைத்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் போயிற்று.

"ஏட்டி, மரத்தப் பரேடுக்கு அனுப்பப் போறியா?" என்றார் தவசிமுத்து.

மாரிச்செல்வி சிரிக்கவில்லை. பட்டினி கிடந்த மரத்தின் வாயையும் அடைத்துவிட்டோமே என்று அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வேறு ஆளாக இருந்தால் அத்தோடு தலைமுழுகியிருப்பார்கள். இவர் தண்ணீரைப் பீய்ச்சியடித்து மரம் மரமாகக் கழுவினார். ஈயும் பாதி அதோடு போனது. பொறுமையாகக் கஞ்சியை நீர்க்கக் கரைத்து, வெயில் ஏறுமுன் மறுபடி அடித்தார். அந்தப் பிடிவாதத்தைக் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும். உச்சிவெயிலில் கஞ்சி காய்ந்து சுருண்டு, கறுப்பையும் உரித்துக்கொண்டு செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில் பச்சை தெரிந்தது.

சொன்னபடி ஆவணியில் வல்லரசு மிஷின் ரம்பத்தோடு வந்து நின்றார். தவசிமுத்து அண்ணாந்து பார்த்தார். வெடித்த பாளைகளில் புதுக் குரும்பை பிடித்திருந்தது.

"எந்த மரத்துல ஆரம்பிக்கட்டும் அண்ணாச்சி?"

"ரம்பத்த வண்டியில வையிப்பா," என்றார் தவசிமுத்து. "இப்பத்தான் சாப்பிட உக்காந்திருக்கு. பாதிச் சாப்பாட்டுல எந்திரின்னு சொல்ல எனக்கு வாய் வரல."