சந்தியாராணி மண்டல், அகரவரிசையில்

எங்கள் பேராசிரியை மாலினிதி இறந்துபோய்விட்டார் என்று வகுப்புத் தோழி தொலைபேசியில் சொன்னபோது என் மகளின் அக்குளில் தெர்மாமீட்டர் இருந்தது. நூற்றியொன்று. செய்தியைக் கேட்டுவிட்டு மறுபடியும் தெர்மாமீட்டரைத்தான் பார்த்தேன். இருபது நாள் தாமதமாக இதை எழுதுவதற்கு அந்தக் காய்ச்சலும் என் பயங்களும்தான் காரணம். அவரிடம் வரலாறு படித்த கொல்கத்தாத் தமிழர்கள் நம்மில் சிலர் இருக்கிறோம், பொறுத்துக்கொள்வீர்கள். ‘மேடம்’ என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், அக்கா என்னும் ‘தி’ போதும் என்பார், நினைவிருக்கிறதா?

முதல் வகுப்பில், வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் வங்காளத்துப் பிரசவங்களைப் பற்றி எழுதிய பழைய அறிக்கையைக் கொடுத்து, அதிலுள்ள பெயர்களை அடிக்கோடிடச் சொன்னார். டாக்டர்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. மருத்துவச்சி என்றால் ‘அழுக்கான ஒரு கிழவி’, அவ்வளவுதான்.

“கதவுக்கு வெளியே நின்றவருக்குப் பெயர் இருக்கிறது. பிள்ளையைக் கையில் வாங்கியவளுக்கு இல்லை. இதைத்தான் வரலாறு என்று இன்னும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம்” என்றார்.

அந்தக் கோபம் என்னையும் தொற்றியது. மருத்துவச்சிகளைப் பற்றியே ஆய்வு செய்தேன். லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் இருந்த ஒரு முதிய மருத்துவச்சியிடம் மூன்று மாதம் போய்ப் பேசினேன். அத்தியாயத்தைப் படித்த மாலினிதி, ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: ‘இவர் பெயர் என்ன?’

எனக்குத் தெரியவில்லை. சித்தி என்பதுபோல மாஷி, மாஷி என்று கூப்பிட்டே அவர் வீட்டு டீயைக் குடித்திருக்கிறேன். ஆய்வேட்டில் அவர் ‘தகவலாளி 4’.

“அந்த டாக்டர் செய்ததைத்தான் நீயும் செய்திருக்கிறாய். கொஞ்சம் மரியாதையாக” என்றார் மாலினிதி.

திரும்பிப் போய்க் கேட்டேன். மாஷி சிரித்துவிட்டார். “ரேஷன் கார்டுக்காரனுக்கு அப்புறம் நீதாண்டி கேக்கறே. சந்தியாராணி மண்டல்.” அச்சில் போடலாமா என்றேன். “போடு. தப்பில்லாம போடு.”

ஆய்வேட்டின் கடைசியில் வரும் நூற்பட்டியலில், நூலாசிரியர்களோடு அவர் பெயரையும் சேர்த்தேன். துறைக் கூட்டத்தில் ஒரு மூத்த பேராசிரியர், “எழுதப் படிக்கத் தெரியாதவரை நூலாசிரியர்களுக்கு நடுவில் வைப்பதா?” என்றார். மாலினிதி குரலை உயர்த்தவில்லை. “நடுவில் இல்லை, அகரவரிசையில். உங்களுக்கும் அதே வரிசைதான்.”

மாலினிதி இறந்த மறுவாரமே புதிய வழிகாட்டி அழைத்தார். மருத்துவச்சிகளின் பெயர்களை எடுத்துவிட்டு எண் போட வேண்டுமாம். இல்லாவிட்டால் ஆய்வேடு திரும்பி வரும். எனக்கு இனி அவகாசம் கிடையாது. இருந்த அவகாசமெல்லாம் மகள் பிறந்தபோதே தீர்ந்துவிட்டது. கணவரும், “ஒரு பக்கம்தானே, எடுத்துடேன். கைக்குழந்தைய வச்சிக்கிட்டு எதுக்கு வம்பு?” என்றார். எனக்கும் பயம்தான். மகள் தும்மினாலே பயப்படுகிறவள் நான்.

நேற்று அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். எழுத்தர் கடைசிப் பக்கத்தில் மாஷியின் பெயர்மேல் விரலை வைத்தார். “இவங்க என்ன புத்தகம் எழுதினாங்க, தீதி?”

“புத்தகம் இல்ல. பிரசவம் பாத்தாங்க. சீல் போடுங்க.”

போட்டார்.

திருப்பி அனுப்பினால் அதே பட்டியலோடு மறுபடியும் போய் நிற்பேன். மாலினிதியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பென்சில் கேள்வி. அந்தத் தாளை மகளின் தடுப்பூசி அட்டைக்குள் வைத்திருக்கிறேன். நான் ஒருபோதும் தொலைக்காத பொருள் அந்த அட்டை ஒன்றுதான்.