குறி போடாத முட்டைகள்

அக்காவுக்கு முழங்கால் விட்டுப்போய்க் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்கு ஏற முடியாமல் ஆனபோது, குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்து தருகிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். பிலிமத்தலாவையில் ரேடியோ திருத்தும் கடையில் வேலை பார்த்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற திமிர். பலகைப் பெட்டி, சூட்டுக்கு ஒரு பல்ப், சூட்டை உணர ஒரு தெர்மிஸ்டர், அது தரும் வோல்டேஜை நான் வைத்த அளவோடு ஒப்பிட ஒரு கம்பரேட்டர். சூடு குறைந்தால் ரிலே பல்பைப் போடும், ஏறினால் அணைக்கும். கடையில் வைத்துப் பார்த்தபோது சூடு மயிரிழைகூட அசையவில்லை. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பன்விலையில் அக்கா இருக்கும் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வீட்டுக்கு வீடு முட்டை கொடுத்தார்கள். பொரிக்கும் குஞ்சில் பாதி கொடுத்தவருக்கு, பாதி அக்காவுக்கு. எல்லாம் வாய்ப்பேச்சுதான். யாருடையது என்று தெரிய ஒவ்வொரு வீட்டு முட்டைக்கும் கரியால் ஒரு குறி. ஒரு வீட்டுக்கு வட்டம், இன்னொன்றுக்குக் கோடு. அக்காவின் சொந்த முட்டைகளுக்கு மட்டும் குறி இல்லை. இந்த அடை கெட்டால் அடுத்த அடைக்கு ஒருவரும் முட்டை தரமாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

கோவில் திருவிழா தொடங்கிய அன்று பிற்பகல் போய்ச் சேர்ந்தேன்.

"காலையில இருந்து ஒன் பெட்டி கடகடன்னு கத்திக்கிட்டே இருந்துச்சுடி. இப்பதான் அடங்குச்சு," என்றாள் அக்கா, நிம்மதியாக.

ஓடிப்போய்த் திறந்தேன். பல்ப் எரிந்துகொண்டிருந்தது. வெப்பமானியில் பாதரசம் ஏறக்கூடாத இடத்துக்கு ஏறியிருந்தது. ரிலேயின் முனைகள் பொறி தட்டித் தட்டி ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. பிளக்கைப் பிடுங்கினேன்.

கோவில் விளக்குகளுக்கு லயத்து லைனிலேயே கரண்ட் எடுப்பது அங்கே வழக்கம். அலங்கார பல்புகள் எரிந்து அணையும்போதெல்லாம் கரண்ட் குதித்திருக்கிறது. அந்தக் குதிப்பில் என் கம்பரேட்டர் போடவா அணைக்கவா என்று தடுமாறியிருக்கிறது. போடும் அளவுக்கும் அணைக்கும் அளவுக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டிருந்தால் தடுமாறாது. துல்லியம் துல்லியம் என்று நான் அந்த இடைவெளியை வைக்கவேயில்லை.

"என்னாடி ஆச்சு?"

"அடைகிடக்குற கோழி நொடிக்கொருதரம் எந்திரிச்சு ஒக்காருமா? இது காலையில இருந்து அப்படித்தான் எந்திரிச்சு எந்திரிச்சு ஒக்காந்திருக்கு. பேசாம கம்பளிய எடுத்துட்டு வா!" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். கோபம் என்மேல்தான்.

சூடு தணிந்ததும் அக்கா முட்டைகளைக் கம்பளியால் மூடினாள். இனி அவை குளிர்வதற்குள் வேலை முடிய வேண்டும். அந்த இடைவெளி வர, கம்பரேட்டரின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு ரெசிஸ்டர் பற்றவைத்தால் போதும். ஆனால் கோவில் இழுத்தது போக மிஞ்சிய கரண்டில் பற்றவைக்கும் கோலுக்குச் சூடே ஏறவில்லை. அதன் முனையை அடுப்புத் தணலில் செருகினேன். முதல் தடவை ஈயம் வழிந்தது. மறுபடி தணல், மறுபடி ஈயம். ஒட்டியிருந்த ரிலே முனைகளைப் பிரித்து நெருப்புப்பெட்டியின் பக்கத்தால் தேய்த்தேன்.

பிளக்கைப் போட்டதும் பல்ப் எரிந்தது. சூடு ஏறியது. 'டக்'. அணைந்தது. கோவில் பல்புகள் தம் பாட்டுக்கு மின்னிக்கொண்டிருக்க, பெட்டி மூச்சுவிடவில்லை.

"செத்துப்போச்சா?" என்றாள் அக்கா.

"இரு."

அந்த 'இரு'வைப் போல நீளமான சொல்லை நான் சொன்னதேயில்லை. கடைசியில் சூடு இறங்கி 'டக்' என்று பல்ப் எரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா முட்டைகளை ஒவ்வொன்றாக டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வட்டம் போட்டவற்றில் உயிர் அசைந்தது. கோடு போட்டவற்றிலும். பல்புக்கு ஒட்டினாற்போல இருந்த வரிசையில் எதுவுமே அசையவில்லை. திருப்பித் திருப்பித் தேடினேன். ஒன்றிலும் குறி இல்லை.

"ஒன்னோடத மட்டும் ஏன் பல்புகிட்ட வச்ச?"

"புதுப் பெட்டி. சூடு மிஞ்சுனா முதல்ல அந்தப் பக்கந்தானே போகும்."

"அப்ப என்னைய நம்பலையா?"

"நம்புனதாலதான்டி என்னோடத வச்சேன்," என்றாள். "அடுத்த வீட்டு முட்டைய வச்சா ஒன்னைய நம்புறது?"

அசையாத முட்டைகளை மடியில் அள்ளிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி எழுந்து வெளியே போனாள்.