நீதிபதிகளுக்குப் பெயர் வைத்தவள்

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் என்றால், வாதியும் பிரதிவாதியும் ஒற்றுமையாகச் சேர்ந்து திட்டுகிற ஒரே ஆள் என்று அர்த்தம். தமிழே ஆட்சிமொழி என்று ஆன புதிதில் தஞ்சாவூர் கோர்ட்டில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. அரசாங்கத்துக் கடிதத்தை மூன்று தடவை படித்தும் புரியாமல் விழித்தவர்களே, உங்களை அப்படி விழிக்க வைத்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. விழித்ததில் உங்களுக்கு நான் சளைத்தவள் இல்லை.

யார் சார்பு?

சப் ஜட்ஜுக்குத் தமிழில் 'சார்பு நீதிபதி' என்று மேலிடத்திலிருந்து வார்த்தை வந்தது. கீழ்நிலை என்கிற பொருளில்தான் வைத்தார்கள். நானும் சம்மன்களில் அப்படியே அடித்து அனுப்பினேன். முதல் நில வழக்கு பூதலூர்ப் பக்கத்தது. மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு உழுத வேலாயுதத்துக்கும் அவரை வெளியேற்றப் பார்த்த மிராசுதாருக்கும் தகராறு. வாய்தா அன்று இரண்டு பேருமே வரவில்லை.

மறு வாய்தாவுக்கு வக்கீல்கள் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். விசாரித்தால், மிராசுதார் ஜட்ஜைக் கைக்குள் போட்டுக்கொண்டார் என்று வேலாயுதம் பயந்திருக்கிறார். இந்த ஆட்சியில் குத்தகைக்காரர் சார்பாகவே தனி ஜட்ஜ் போட்டுவிட்டார்கள் என்று மிராசுதார் பயந்திருக்கிறார். நல்லவேளை, எங்கள் ஜட்ஜ் சிரித்துவிட்டு வழக்கை எடுத்துக்கொண்டார். நான் வராந்தாவில் வேலாயுதத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சம்மனை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னார்: "சார்பு இருந்துட்டுப் போவட்டும்மா. யாரு சார்புன்னும் ஒரு வரி சேத்து அடிச்சிருக்கக் கூடாதா?"

மோர்

அமீனா என்றால் தெருவே கதவைச் சாத்தும். கோர்ட்டு உத்தரவோடு வந்து அண்டா குண்டாவை ஜப்தி செய்பவர் அவர்தான். எங்கள் அமீனா சுப்பையனுக்கு 'கட்டளை நிறைவேற்றுநர்' என்று நான்தான் பெயர் வைத்தேன். நல்ல தமிழ் என்று எனக்குப் பெருமை வேறு. ஒரு வாரம் கழித்து என் மேஜை முன்னால் வந்து நின்றார். "அமீனான்னு சொன்னா நாய்கூடக் குலைக்காதும்மா. இப்ப கட்டளை நிறைவேற்றுநர்னு சொன்னா, உக்காருங்க, மோர் சாப்பிடுறீங்களாங்கிறாங்க. மோரைக் குடிச்சுட்டு எப்படிம்மா அண்டாவத் தூக்குறது?"

மறுபடியும் நடுவரா?

மாஜிஸ்திரேட்டுக்குக் 'குற்றவியல் நடுவர்'. பேராவூரணிப் பக்கம் ஒரு கபடிப் பந்தயத்தில் அடிதடியாகி, ஏழு ஆட்டக்காரர்களுக்கும் சம்மன் போனது. நடுவர் முன் ஆஜராகச் சொன்னதைப் படித்துவிட்டு அணித்தலைவர் போலீஸ்காரரிடம் மல்லுக்கு நின்றாராம்: "அடிதடியே நடுவராலதாங்க வந்துச்சு. திரும்பவும் நடுவர்கிட்டயே போவச் சொன்னா என்னங்க நியாயம்?"

ஸ்பெயின் காகிதம்

பூம்புகாரிலிருந்து செல்லம்மாள் வந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மீன் விற்கிற அம்மா. மகன் மாரியப்பன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். ஸ்பெயினில் ஒரு துறைமுகத்தில் மாலுமிகள் சண்டையில் அவனையும் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். கப்பல் கம்பெனி அனுப்பிய ஸ்பானிஷ் காகிதத்தோடு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் இருந்தது. அதை எழுதிய மகராசன் பதவிப் பெயர்களை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தான். மாரியப்பனை விடச் சொல்லி 'ஃபிஸ்கால்' என்பவர் 'மாஜிஸ்த்ராதோ' என்பவரிடம் கேட்டிருக்கிறார்.

என் ஆங்கில அகராதியில் ஃபிஸ்கல் என்றால் கஜானா சம்பந்தப்பட்டது. "கஜானா அதிகாரி உங்க பிள்ளைய விடச் சொல்லி நடுவர்கிட்ட கேட்டிருக்காரும்மா" என்றேன். அந்த அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "கஜானாவா? சண்டைன்னுதானம்மா சொன்னாங்க. என் புள்ள கஜானாவுலயா கை வச்சான்?" என்று அழுத அழுகையில் கோர்ட்டு வேலையே நின்றுபோனது.

ஸ்பெயினில் படித்துவிட்டு வந்த பாதிரியார் ஒருவர் ஊரில் இருந்தார். செல்லம்மாளையும் கூட்டிக்கொண்டு அவரிடம் ஓடினேன். அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஃபிஸ்கால்னா அங்க அரசு வக்கீல்மா. மாஜிஸ்த்ராதோ நம்ம மாஜிஸ்திரேட் இல்ல, அவருக்கு மேல, பெரிய ஜட்ஜ்" என்றார். பிறகு ஸ்பானிஷிலேயே முழுதும் படித்துச் சொன்னார். மாரியப்பன் சண்டையை விலக்கப் போனவன்தான், அவன்மேல் குற்றமில்லை என்று அரசு வக்கீலே எழுதிக் கொடுத்திருந்தார். செல்லம்மாள் அந்த வரியை மட்டும் நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

மாரியப்பன் வந்து சேர்ந்ததும் அவனையும் அழைத்துக்கொண்டு ஒரு பை கருவாட்டோடு என்னைப் பார்க்க வந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் கோர்ட்டு அரசு வக்கீல், யாருக்கோ ஜாமீன் கொடுக்கவே கூடாது என்று கத்திவிட்டு வெளியே வந்தார். செல்லம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் காதோரம் கேட்டார்: "ஏம்மா, அந்த ஸ்பெயின் வக்கீல நம்ம கோர்ட்டுக்கு மாத்தல் வாங்கிக் கொண்டார முடியாதா?"

ஒரு பதவியின் பெயரை மாற்ற எனக்கு அரை நாள் போதும். அந்தப் பெயருக்கு ஜனங்கள் வைத்துக்கொள்கிற அர்த்தத்தை மாற்றத்தான் என் முப்பது வருஷ சர்வீஸ் போதவில்லை.