முபாரக் பாயின் மூன்றாவது மாட்யூல்

முபாரக் பாய்க்கு அருவருப்பு தொழிலோடு ஒட்டிக்கொண்ட குணம். ஏற்காடு மலையில், ஒண்டிக்கடையில் பட்டறை போட்டு இருபத்தாறு வருடமாகக் கார் வயரிங் பார்க்கிறார். எந்தக் காரின் பானட்டைத் திறந்தாலும் முதலில் முகம் சுளிக்கும். டேப்புக்குப் பதில் பிளாஸ்திரி சுற்றிய வயர், பியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டி ஈயத்தாள். "த்தூ, இதெல்லாம் ஒரு வேலையா?" என்பார். அடுத்தவன் வேலை எல்லாமே அவருக்குக் குப்பை. தான் கை வைத்தது மட்டும் திரும்பி வராது என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தார். ஊரும் நம்பியது. அந்தப் பேர்தான் அவருடைய சொத்து.

அதே மலையில் மாரமங்கலத்தில் மிளகுத் தோட்டம் போட்டிருக்கும் சுஜாதா தன் பழைய அம்பாசடரைக் கொண்டுவந்தபோதும் அதே சுளிப்பு. எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், அந்தப் பொறியை மூட்டும் பாயிண்ட் கருகி, எண்ணெய்ப் பிசுக்கேறிக் கிடந்தது.

"மாசம் ஒருக்கா இந்தக் கருமத்தைத் தேச்சுத் தேச்சு ஓட்டறீங்களே, அம்மிணி, நொம்ப அசிங்கமா இல்லீங்களா? எலெக்ட்ரானிக் மாட்டிருங்க. அப்பறம் மூடியவே தொறக்க வேண்டாம்."

சேலத்தில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பானு சாமானை அனுப்பினாள். பாய் பாயிண்டைக் கழற்றி எறிந்தார். அதன் வேலையைச் செய்யும் சின்ன மாட்யூலை அங்கே பொருத்தி, சாவியிலிருந்து புது வயர் இழுத்தார். உண்மையிலேயே அழகான வேலை. கூட வந்த காகிதத்தை மட்டும் பிரிக்காமல் வீசினார். "எனக்கே பாடம் எடுக்கறானுவ!"

ஓட்டிப் பார்க்கச் சேலம் ரோட்டில் இறங்கினார். பாதி இறக்கத்தில் மாட்யூல் எரிந்து நாறியது. பானு இன்னொன்று அனுப்பினாள். அதுவும் அதே இறக்கத்தில் போனது. பட்டறைக்கு எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாய்க்குக் கோபம் தலைக்கேறியது. அவர்கள் காதுபடவே பானுவிடம் போனில் கத்தினார்: "குப்பையை விக்கறதுக்கு உனக்கொரு கடையா? சீ, இதெல்லாம் ஒரு பொழப்பா? என்ற பேரைக் கெடுக்கறியே!"

பானு போனை வைத்தாள். மூன்றாவது மாட்யூலை அனுப்பினாள்.

இந்த முறை சுஜாதாவும் காரில் ஏறிக்கொண்டாள். இறக்கம் தொடங்கியதும் பாய் வழக்கம்போல் எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் உருளவிட்டு, சாவியை மறுபடி ஆனில் வைத்தார். சாவி ஆனில் இருந்தால்தான் வளைவில் ஹாரன் கேட்கும். பெட்ரோலும் மிச்சம். மலையில் ஓட்டிப் பழகிய பலரும் செய்வதுதான்.

சுஜாதா திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க பாய், எஞ்சின் ஓடாதப்ப சாவியை ஆன்ல வெச்சா மாட்யூல் எரிஞ்சுபோயிருமாமே? நீங்க வீசின காயிதத்தை எடுத்துப் படிச்சனுங்க. முதல் வரியே அதுதானுங்க."

"பாயிண்ட் இருந்தப்ப இப்படித்தானுங்க அம்மிணி…" என்று ஆரம்பித்தார். அதற்குள் எரியும் நாற்றம் வந்துவிட்டது.

காரை ஓரங்கட்டினார். மூன்றையும் எரித்தது தன் கைதான். எத்தனையோ பேர் வேலையைக் காறித் துப்பியவருக்கு இப்போது தன் கையைப் பார்த்தே முகம் சுளித்தது. அங்கிருந்தே பானுவைப் போனில் கூப்பிட்டார்.

"உன்ற சரக்கு மேல தப்பில்லம்மா. நாந்தான் எரிச்சேன்."



"அன்னிக்கு நீங்க திட்டினதுல இருந்து ஏற்காட்டுக்காரங்க ஒருத்தரும் எங்கடைக்கு வர்றதில்லீங்கண்ணே," என்றாள் பானு. "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது? அந்த டீக்கடையில போயிச் சொல்லுங்க."