அம்பை பஸ்ஸில் ஏறிய பெல்ட்

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். தங்கை கோமதியிடமிருந்து போன்.

"அண்ணே, அறுப்பு மெஷின் நின்னுட்டு. பெல்ட் அறுந்துபோச்சாம். மேக்க மலைப்பக்கம் கருத்துக்கிட்டு வருது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல!"

கோமதிக்கு வீரவநல்லூரில் ஐந்து ஏக்கர். விதைப்பு முதல் அறுப்பு வரை அவளேதான் பார்க்கிறாள். இரண்டு ஏக்கர் அறுத்தாயிற்று. மூன்று ஏக்கர் முற்றி நிற்கிறது. மழை விழுந்தால் நெல் சேற்றில் படுத்துவிடும். மெஷின்காரரோ நாலு மணிக்கு அடுத்த வயலுக்குப் போயாக வேண்டும்.

மெஷின் டிரைவர் தயார். டிராக்டர், சாக்கு, நெல் வியாபாரி — எல்லாம் தயார். இல்லாதது ஒரு ரப்பர் பெல்ட்! சப்ளை செயினில் லாஜிஸ்டிக்ஸ், அதாவது சரக்கைக் கொண்டுசேர்க்கிற வேலை, எதற்கு என்று கேட்பவர்களை அந்த வரப்பில் ஐந்து நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். பெல்ட் ஏதோ ஒரு கடையில் இருந்து என்ன பிரயோஜனம்? மெஷினுக்குப் பக்கத்தில், மழைக்கு முன்னால் இருக்க வேண்டும்.

நான் அசரவில்லை. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற உங்களுக்குத்தான் தெரியுமே... ஒரு மில்லில் முப்பது வருடம் டெஸ்பாட்ச் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான்.

"நீ கவலைப்படாத. பன்னிரண்டு மணிக்குள்ள பெல்ட் உன் கையில இருக்கும்" என்றேன்.

மெஷின் டிரைவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பெல்ட் நம்பரோடு பேட்டைக்கு ஸ்கூட்டரை விட்டேன். அங்கே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் காசிம் பாய் என்னோடு படித்தவர். நம்பரைப் பார்த்ததும் பெல்ட்டை எடுத்து நீட்டினார்.

நம் பக்கத்தில் அவசரச் சாமான் என்றால் கூரியரை யார் தேடுகிறார்கள்? பஸ்தான். டிரைவர் பக்கத்தில் வைத்துவிட்டால், எந்த ஸ்டாப்பில் ஆள் நிற்கிறதோ அங்கே இறங்கிவிடும். ரசீதும் கிடையாது, டிராக்கிங்கும் கிடையாது.

"இரும் வே, நானே ஏத்தி விடுதேன்" என்றார் காசிம் பாய்.

"நீரு வியாபாரத்தைப் பாரும். எனக்கே பார்சல் அனுப்பச் சொல்லித் தாரீரா?"

வீரவநல்லூர் இருப்பது அம்பை, அதாவது அம்பாசமுத்திரம் போகிற வழியில். எதிர் ஸ்டாப்பில் அம்பாசமுத்திரம் போர்டு போட்ட பஸ் ஒன்று நகர ஆரம்பித்திருந்தது. ஓடினேன். பெல்ட்டை உள்ளே வைத்தேன். "தங்கச்சி வந்து வாங்கிக்கிடுவா!" என்று கத்தினேன். டிரைவர் தலையாட்டினார்.

கோமதிக்கு போன் போட்டு, "கிளம்பியாச்சு. ஸ்டாப்புல போய் நில்லு" என்றேன். வண்ணார்பேட்டைக்கு, வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்து காபியும் குடித்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி போன்.

"அண்ணே, நாலு அம்பை பஸ் போயிட்டு. ஒருத்தருகிட்டயும் பெல்ட் இல்ல."

காசிம் பாய்க்கு அடித்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"எந்த வழி வண்டி வே? சேரன்மாதேவி வழியா, முக்கூடல் வழியா?"

அம்பைக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ரோடு, இந்தப் பக்கம் ஒரு ரோடு. வீரவநல்லூர் இருப்பது சேரன்மாதேவி ரோட்டில். முக்கூடல் வழி பஸ் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. இங்கே பிறந்த சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். நான் போர்டில் ஊர்ப் பெயரைப் படித்தேன்... வழியைப் படிக்கவில்லை. எங்கே இறக்க வேண்டும் என்று டிரைவரிடமும் சொல்லவில்லை!

"போனை வையும்" என்றார் காசிம் பாய். திட்டவில்லை. அம்பை பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருப்பவர் அவருக்கு வேண்டியவர். அந்தப் புண்ணியவான் கடையை அப்படியே போட்டுவிட்டு, முக்கூடல் வழி வந்த பஸ்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி பெல்ட்டைக் கண்டுபிடித்துவிட்டார். கோமதி ஸ்கூட்டரில் அம்பைக்குப் போய் வாங்கிவந்து, மெஷின் மறுபடி ஓடியபோது மணி இரண்டரை.

நானும் பஸ் பிடித்து — இந்தத் தடவை வழியைப் படித்துவிட்டுத்தான் — வயலுக்குப் போய்ச் சேர்ந்தேன். மெஷின்காரர் தங்கமான மனிதர். நாலு மணி தாண்டியும் நகரவில்லை. ஆனால் மழை காத்திருக்குமா? நாலேகாலுக்குக் கொட்ட ஆரம்பித்தது. மீதி மூன்றில் இரண்டு ஏக்கர் தப்பியது. கடைசி ஒரு ஏக்கர் எங்கள் கண் முன்னாலேயே படுத்துவிட்டது.

கோமதி குடைகூட விரிக்காமல் வரப்பில் நின்றாள். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"நீங்க கிளம்பியாச்சுன்னு சொன்னதும் நானும் நிம்மதியா நின்னுட்டேன் அண்ணே. எந்த வண்டின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றாள்.

தப்பு என்னுடையது. பழியை அவள் எடுத்துக்கொள்கிறாள்! வெட்கத்தில் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முப்பது வருடமும் நான் பார்த்தது, லாரி மில் கேட்டைத் தாண்டியதா என்பதைத்தான். தாண்டிவிட்டால் என் கணக்கில் வேலை முடிந்தது. அந்தக் கோடியில் ஒருத்தர் ரோட்டோரம் நின்று ஒவ்வொரு வண்டியாகக் கை காட்டிக்கொண்டிருப்பார் என்று ஒரு நாளாவது நினைத்திருப்பேனா? இப்போது அடித்துச் சொல்வேன் — சரக்கு அவர் கைக்குப் போகிற வரைக்கும் அனுப்பியவனுக்குக் காபி குடிக்க உரிமை இல்லை.

நேற்று கோமதி கூப்பிட்டாள். குரலில் பழைய தெம்பு வந்திருந்தது.

"படுத்த நெல்லுல பாதி தேறிட்டு அண்ணே, ஆள் விட்டு அறுத்துட்டேன். உங்களுக்குப் புது அரிசி அனுப்புதேன்."

எனக்கு மனசு லேசானது. "எந்த பஸ்ஸுன்னு மட்டும் சொல்லு. நான் போய் இறக்கிக்கிடுதேன்."

"அய்யோ, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்! காசிம் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். அவங்க பாத்துக்கிடுவாங்க."

நான் இரண்டாவது முறை ரிட்டயர் ஆனது இப்படித்தான்.